ஸ்டியரிங் பளபளன்னு இருக்கா? அப்போ அழுக்கு ஏறியிருக்கு!

புதுக் காரில் லெதர் சுற்றிய ஸ்டியரிங் வீலைக் கவனித்திருக்கிறீர்களா? அது பளபளக்காது. கறுப்பாக, மங்கலாக, தொட்டால் லேசான சொரசொரப்போடு இருக்கும். இரண்டு மூன்று வருடம் ஓட்டின பிறகு பார்த்தால், கை பிடிக்கிற இரண்டு பக்கமும் எண்ணெய் தடவின மாதிரி மின்னும். "நல்லா பாலிஷ் ஆயிடுச்சு" என்று பலர் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அந்த மினுமினுப்பு கை வியர்வை, தோல் எண்ணெய், தூசி மூன்றும் சேர்ந்து படிந்த படலம். அதை அப்படியே விட்டால் அடுத்த கட்டம் பிசுபிசுப்பு, அதற்கடுத்து உரிதல். உரிய ஆரம்பித்துவிட்டால் சுத்தம் செய்து பிரயோசனம் இல்லை, செலவுதான்.

செலவு ஒரு பக்கம். காரில் ஓட்டும் நேரம் முழுக்க நம் கை விடாமல் தொடும் ஒரே பொருள் ஸ்டியரிங். அது வழுக்கினால், திடீரென்று மாடு குறுக்கே வரும்போது ஒடிக்க வேண்டிய கை சறுக்கும். அதனால் இதை அழகு விஷயமாக மட்டும் பார்க்க வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

நம் ஊர்க்காரர்களுக்குத் தோல் புதிய சமாச்சாரம் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாறு ஓரமாகவே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் இருந்து இயங்குகிறது. ஆனாலும் செருப்புத் தோலுக்கும் கார் தோலுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கார் ஸ்டியரிங்கில் வருகிற தோலின் மேல் பெரும்பாலும் நிறப்பூச்சு ஒன்றும், அதன் மேல் பாலியூரிதேன் என்கிற பாதுகாப்புப் பூச்சு ஒன்றும் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு தலைமுடித் தடிமன்தான். நம் கை தினமும் தொடுவது தோலையே இல்லை, அந்தப் பூச்சைத்தான்.

இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். பூச்சு நன்றாக இருக்கும் வரை தோல் பத்திரம். பூச்சு தேய்ந்தாலோ கரைந்தாலோ வியர்வை நேராகத் தோலுக்குள் இறங்கும். "தோலுக்கு ஊட்டம் கொடுக்கும்" என்று விற்கிற கிரீம்களில் பெரும்பகுதி அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போகவே போகாது, மேலேயே உட்கார்ந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. விளம்பரத்தில் "லெதர் ஃபினிஷ்", "லெதரெட்" என்று போட்டிருந்தால் அது செயற்கைத் தோலாக இருக்கலாம். துணிமேல் பாலியூரிதேனோ பி.வி.சி.யோ பூசியது. இதில் பாலியூரிதேன் வகை ஈரமும் சூடும் சேர்ந்தால் காலப்போக்கில் தானாகவே சிதைந்து செதில் செதிலாக உரியும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இது. எந்த வகை என்று கார் வாங்கும்போதே கேளுங்கள். பிரௌச்சரில் நட்சத்திரக் குறி போட்டுக் கீழே சின்ன எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஃபோனில் பெரிதாக்கிப் படியுங்கள். சுத்தம் செய்கிற முறை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வெயில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் அடிக்கிற கோடையில், ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திய காரின் ஸ்டியரிங் சராசரியாக 53 டிகிரிக்குப் போனது. டாஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நிறுத்திய காரில் ஸ்டியரிங் 42 டிகிரியோடு நின்றது. வேலூரிலும் கரூரிலும் திருச்சியிலும் கத்திரி வெயிலில் இதே அளவு வெளிச்சூடு நமக்குப் பழக்கம்தான். தினமும் 50 டிகிரிக்குப் போய்த் திரும்பும் பூச்சு இறுகி, வளையும் தன்மை போய், மெல்லிய கீறல் விடும். அந்தச் சூட்டில் கை வைத்தவுடன் வியர்க்கவும் செய்யும்.

இதற்குக் கைவைத்தியம் மிக மலிவு. மடக்கும் சன் ஷேடு ஒன்றை முன் கண்ணாடிக்குள் வையுங்கள். அதுவும் இல்லையா, ஒரு வெள்ளைத் துண்டை ஸ்டியரிங் மேல் போட்டுவிட்டு இறங்குங்கள். வண்டியை எடுக்கும் முன் இரண்டையும் எடுத்து வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சிலர் இதற்காகவே கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டப் போகிறார்கள். முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத வெளிச்சமும் ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வதை நம்பி ஒட்டிவிட்டு அபராதம் கட்டாதீர்கள்.

கையில் இருப்பதுதான் முதல் எதிரி

கொரோனா காலத்தில் ஆரம்பித்த பழக்கம் ஒன்று இன்னும் பலரிடம் இருக்கிறது. காரில் ஏறியதும் சானிடைசர் போட்டு, கை காய்வதற்குள் ஸ்டியரிங்கைப் பிடிப்பது. சானிடைசரில் பாதிக்கு மேல் ஆல்கஹால். அது பூச்சை இளக்கும், நிறத்தை எடுக்கும். ஒரு தடவையில் எதுவும் தெரியாது. தினம் இரண்டு தடவை, ஒரு வருடம் என்றால் சரியாக உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் நிறம் மங்கியிருப்பதைப் பார்க்கலாம். சானிடைசர் போடுங்கள், அரை நிமிடம் கையைத் தேய்த்துக் காயவிட்டுப் பிறகு பிடியுங்கள். சானிடைசரையே துணியில் ஊற்றி ஸ்டியரிங்கைத் துடைப்பது கூடவே கூடாது.

கொசு விரட்டி கிரீம் இன்னும் மோசம். 'டீட்' என்கிற வேதிப்பொருள் கலந்த கிரீம்கள் பிளாஸ்டிக்கையும் செயற்கைப் பூச்சுகளையும் கரைக்கக்கூடியவை. ராத்திரிப் பயணத்துக்கு முன் குழந்தைகளுக்குத் தடவிவிட்டு அதே கையோடு வண்டி ஓட்டுகிறோம். சன் ஸ்கிரீன், தலைக்குத் தடவின தேங்காய் எண்ணெய், டிபன் சாப்பிட்ட கை, எல்லாம் இதே வரிசைதான். கை கழுவிவிட்டு ஏறினால் பாதிப் பராமரிப்பு முடிந்தது.

ஆயுத பூஜை பற்றி ஒரு வார்த்தை. ஸ்டியரிங்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம். யாரும் அதை விடச் சொல்லவில்லை. ஆனால் ஈரச் சந்தனத்தின் மேல் வைத்த குங்குமச் சாயம் தையல் நூலிலும், தோலில் ஏற்கெனவே இருக்கும் கீறலிலும் இறங்கினால் வராது. பொட்டை லெதர் பகுதியில் வைக்காமல், வெளியே பானட்டிலோ கண்ணாடியிலோ வைக்கலாம். லெதரில் வைத்துவிட்டீர்களா, மறுநாள் வரை காத்திருக்காமல் அன்று சாயங்காலமே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும்.

சுத்தம் செய்வது எப்படி?

காரை நிழலில் நிறுத்தி, ஸ்டியரிங் ஆறின பிறகு ஆரம்பியுங்கள். இஞ்சின் ஆஃப். இரண்டு மைக்ரோஃபைபர் துணி, ஒரு மென்மையான பழைய டூத் பிரஷ், பூச்சுள்ள தோலுக்கான லெதர் கிளீனர், இவை போதும். கிளீனர் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறமில்லாத, மென்மையான லிக்விட் சோப்பு அரை டீஸ்பூன் கலந்துகொள்ளலாம். துணி துவைக்கும் சோப்பும் பவுடரும் வேண்டாம். அவை காரத்தன்மை கொண்டவை. பதனிட்ட தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உடையது. இரண்டுக்கும் ஒத்துவராது. 'பல பொருளுக்கும் ஆகும்' என்று விற்கிற ஸ்ட்ராங்கான கிளீனர்களும், தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகியவையும் அறவே ஆகாது.

முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதிப் பின்பக்கம், ஒரு துளி போட்டுப் பாருங்கள். துணியில் கார் நிறம் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். ஒட்டவில்லை என்றால் கிளீனரைத் துணியிலோ பிரஷிலோ எடுத்துக்கொண்டு, ஒரு கை அகலம் அகலமாக, சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஸ்டியரிங் மேல் நேராக ஸ்பிரே அடிக்காதீர்கள். ஹாரன், ஆடியோ பட்டன், குரூஸ் கன்ட்ரோல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. உள்ளே ஈரம் போனால் லெதரை விடப் பெரிய செலவு. சின்னச் சின்னத் துளை போட்ட லெதராக இருந்தால் துணி பிழிந்த பதத்தில் மட்டும் இருக்க வேண்டும்.

தையல் ஓரத்தில்தான் அழுக்கு அதிகம் அடையும். அங்கே பிரஷைத் தையல் போகிற திசையிலேயே ஓட்டுங்கள், குறுக்கே இழுத்தால் நூல் பிசிறும். துணியில் வருகிற பழுப்பைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அடுத்து, வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த இரண்டாவது துணியால் சோப்பு போகும்படி துடைத்து, காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் வேண்டாம். காய்ந்த பிறகு பளபளப்பு போய் மங்கல் திரும்பியிருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. அழுக்கு ரொம்ப நாள் படிந்ததாக இருந்தால் ஒரே நாளில் வராது. அழுத்தித் தேய்க்காமல் ஒரு வாரம் விட்டு மறுபடி செய்யுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? சொந்த உபயோகத்துக்கு வாரம் ஒரு முறை ஈரத்துணியால் ஒரு துடை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலே சொன்ன முறை. வாடகைக்கார் ஓட்டுகிறவர்கள் ஒரு நாளில் பத்து மணி நேரம் பிடிக்கிறார்கள், அவர்கள் மாதம் ஒரு முறை செய்வது நல்லது. ஃபோன் காலண்டரில் ரிமைண்டர் போட்டுவிடுங்கள்.

பாலிஷ் போடலாமா?

வாட்டர் வாஷ் கடையில் விட்டால் டாஷ்போர்டுக்கு அடிக்கிற பாலிஷையே ஸ்டியரிங்குக்கும் ஒரு கை போட்டுவிடுவார்கள். பளிச்சென்று இருக்கும், வாசனையாகவும் இருக்கும். அந்தப் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் உண்டு. அதன் குணமே வழுக்குவது. வண்டியை விடும்போதே "ஸ்டியரிங், கியர் லிவர், பெடல் மூணுக்கும் பாலிஷ் வேணாம்" என்று சொல்லிவிடுங்கள். போட்டுவிட்டார்கள் என்றால் ஓட்டும் முன் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள்.

வீட்டில் இருக்கிற எண்ணெய்களும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவினால் முதல் நாள் கருகருவென்று இருக்கும். வெயிலில் இளகி கையில் ஒட்டும், தூசியைப் பிடிக்கும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைகிற எண்ணெய் ஆகையால், மார்கழிக் காலையில் தையல் ஓரமாக வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கவும் கூடும். ஷூ பாலிஷ், வாசலின், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

லெதர் கண்டிஷனர் போட்டே ஆக வேண்டும் என்று நினைத்தால், நீரை அடிப்படையாகக் கொண்ட, மினுக்காத வகையை வருடத்துக்கு இரண்டு தடவை, பட்டாணி அளவு எடுத்து, சுத்தம் செய்த பிறகு மட்டும் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டும். கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். சறுக்குகிறது என்றால் இன்னும் துடையுங்கள்.

கவர் போட்டால் பாதுகாப்பா?

இது பலரின் முதல் யோசனை. நல்ல லெதர் ஸ்டியரிங் மேல் தளர்ந்த ரெக்சின் கவர் போடுவது, என் கணக்கில், பாதுகாப்பைக் குறைக்கிற காரியம். வியர்வை ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு லெதரைக் கெடுக்கும். அதைவிட ஆபத்து, வேகமாக ஒடிக்கும்போது கவர் மட்டும் சுற்றி ஸ்டியரிங் திரும்பாமல் நிற்பது. போட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் ஸ்டியரிங்கின் விட்டத்துக்குச் சரியான அளவில், சுற்றித் தைத்து இறுக்குகிற வகையாகப் போடுங்கள். கை வைத்திருக்கிறோமா என்று உணரும் சென்சார் உள்ள கார்களில் கவர் அதையும் குழப்பலாம், கார் கையேட்டைப் பாருங்கள்.

நடுவில் இருக்கிற வட்டத்தைத் தொடவே கூடாது. 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அது மடித்து வைக்கப்பட்டிருப்பது அந்த ஹாரன் பகுதிக்குள்தான். மோதின நேரத்தில் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் விரியும். அதன் மேல் ஒட்டின உலோக எழுத்து, கல் பதித்த ஸ்டிக்கர், சின்ன சாமி சிலை, எதுவானாலும் முகத்தை நோக்கித்தான் வரும்.

உரிந்துவிட்டால்

சின்ன நிறமங்கலுக்கு லெதர் நிறப்பூச்சு செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். உரிந்து உள்ளே நார் தெரிகிறது என்றால் புதிதாகச் சுற்றுவதுதான் வழி. சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் இந்த வேலை செய்கிற கடைகள் வரிசையாக உண்டு, மற்ற ஊர்களில் சீட் கவர் தைக்கிறவர்களையே கேட்கலாம். வளைந்த ஊசியால் கையால் தைக்கிற வேலை இது, அனுபவசாலி இரண்டு மூன்று மணி நேரம் எடுப்பார். ஸ்டியரிங்கைக் கழற்றாமலே சுற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். கழற்ற வேண்டும் என்றால் ஏர்பேக்கையும் கழற்ற வேண்டியிருக்கும், அதைப் பயிற்சி உள்ள சர்வீஸ் சென்டர் மெக்கானிக்கிடம் விடுவதே சரி. தோல் துண்டின் வெட்டு ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அசல் தோல் என்றால் பஞ்சு மாதிரி நார் தெரியும், செயற்கை என்றால் பின்னல் துணி தெரியும். பில் வாங்குங்கள், பில்லில் 'அசல் தோல்' என்று எழுதச் சொல்லுங்கள்.

புதுக் காரிலேயே உரிந்தால் என்ன செய்வது? முதலில் தேதியோடு ஃபோட்டோ எடுங்கள். ஃபோன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து எடுத்தால் கீறலும் செதிலும் தெளிவாகத் தெரியும். சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், ஜாப் கார்டில் அந்தக் குறையை எழுத வைத்து நகல் வாங்குங்கள். வாரண்டிக் கையேட்டில் 'தேய்மானம்' என்று சில பாகங்களை விலக்கியிருப்பார்கள். ஆனால் சில மாதங்களிலேயே பூச்சு உரிவது தேய்மானமா, தயாரிப்புக் குறையா என்பது வாதாடக்கூடிய விஷயம். அவர்கள் மறுத்தால் அதை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் தீர்வு இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அங்கே சமரசமாக முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஃபோனிலிருந்தே புகார் பதியலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் பதிய வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு

ஸ்டியரிங் லெதர் பொய் சொல்வது குறைவு. ஓடோமீட்டரைத் திருப்பி வைக்கிற ஆட்கள் உண்டு, லெதரைத் திருப்பி வைக்க முடியாது. காரைப் பார்க்கப் போகும்போது எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவுத் தேதியைப் பாருங்கள். 8 வருடக் கார், மீட்டரில் 38,000 கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 5,000 கூட ஓடவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டியில் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மின்னி, தையல் நூல் தேய்ந்து, பிரேக் பெடல் ரப்பரும் மழுங்கியிருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. வியர்க்கிற கையும், மோதிரமும், திறந்தவெளி பார்க்கிங்கும் சீக்கிரமே தேய வைக்கும் என்பதும் நிஜம், ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸின்போதும் குறித்த கிலோமீட்டர் பதிவை உரிமையாளர் மூலமாகக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். பழைய வண்டிக்குப் புத்தம் புது லெதர் சுற்றியிருந்தாலும் ஏன், எப்போது என்று கேளுங்கள். பில் இருந்தால் காட்டுவார்கள்.

வாங்குவது என்று முடிவானால் படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். உரிமை மாற்றத்தை வாங்கினவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.